வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு இளையோர் மர்ம நாவல்களை எடுத்துக்கொண்டோம். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார் என்பதால், படித்ததையும் பேசியதையும் மட்டும் சொல்கிறேன். கதைகளின் முடிவும் இதில் வரும். இன்னும் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அதிக நேரம் பேசப்பட்டது லோயிஸ் டங்கன் 1973-ல் எழுதிய 'ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்'. 1997-ல் வந்த படத்தைப் பார்த்திருந்தவர்கள், கொக்கியோடு துரத்தும் கொலைகாரனை எதிர்பார்த்து வந்தார்கள். நாவலில் அப்படி யாரும் கிடையாது. நண்பர்கள் நான்கு பேர் போகும் கார், சைக்கிளில் வந்த ஒரு சிறுவனை இடித்துவிடுகிறது. வண்டி நிற்கவில்லை. சிறுவன் இறந்துபோகிறான். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று நால்வரும் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். பல மாதம் கழித்து, 'நீ செய்தது எனக்குத் தெரியும்' என்று நால்வரில் ஒருத்தியான ஜூலிக்கு ஒரு சீட்டு வருகிறது.

சீட்டை எழுதியவர் யார் என்பதைவிட, அந்த நால்வரின் நட்பு என்ன ஆனது என்பதில்தான் உறுப்பினர்களின் மனம் நின்றது. சேர்ந்து நிற்பதற்காகச் செய்த சத்தியமே அவர்களைப் பிரித்துப் போடுகிறது. ஜூலி, நால்வரில் ஒருவனான தன் காதலன் ரேயை விட்டு விலகிப் படிப்பில் முகம் புதைத்துக்கொள்கிறாள். ரே ஊரைவிட்டே போய்விடுகிறான். நண்பனின் முகத்தைப் பார்த்தால் அந்த இரவு நினைவுக்கு வருகிறது. பிறகு எப்படிப் பழக முடியும்? இந்த நேரத்தில்தான் ஜூலிக்கு பட் என்ற இளைஞன் அறிமுகமாகிறான். நால்வரில் இன்னொருத்தியான ஹெலனுக்கோ கோலி என்ற ஒருவன் பழக்கமாகிறான். இருவரும் ஒரே ஆள், இறந்த சிறுவனின் அண்ணன் என்பது கடைசியில்தான் தெரிகிறது.

ஜூலி ஏன் அவனை இவ்வளவு சீக்கிரம் நம்பினாள் என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். அதற்கு இளையோர் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண் சொன்ன பதிலை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். "அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்ததால்தான் நம்பினாள். தெரிந்தவர்களோடு இருக்க அவளால் முடியவில்லை" என்றாள். இந்த ஆண்டு நான் கேட்டவற்றில் மிகச் சரியான வாசிப்பு அதுதான். குற்ற உணர்வு உள்ளவருக்குத் தன் கதை தெரியாத புது ஆள் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது. கடைசியில் பட் கொல்ல வரும்போது ஜூலியைக் காப்பாற்ற ஓடி வருபவன், அவள் தள்ளிவைத்த ரேதான்.

சத்தியத்தைக் காப்பது நட்பா, மீறிப் போலீசிடம் சொல்வது நட்பா என்ற விவாதம் அடுத்த கூட்டத்துக்கும் நீண்டது. உறுப்பினர்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. என் கருத்து: ஒரு பிள்ளையை ரோட்டில் விட்டுவிட்டு வந்த பிறகு, வாயை மூடிக்கொள் என்று கேட்பவன் நண்பன் என்ற உரிமையில் கேட்க முடியாது.

அப்புறம், கேரன் மெக்மேனஸின் 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' (2017). பள்ளியில் ஒரு மாணவன் இறந்துபோக, சந்தேகம் நான்கு மாணவர்கள்மேல் விழுகிறது. அவர்களில் ஒருத்தியான ஆடியைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். காதலனுக்குப் பிடித்தபடியே இருந்து பழகியவள், அவனுக்குத் தெரியாமல் வேறொருவனோடு பழகிய ரகசியம் வெளியானதும் தோழிகளை இழக்கிறாள். நீண்ட கூந்தலை வெட்டிக்கொள்கிறாள். அக்கா மட்டும் கூடவே நிற்கிறாள். அந்த மரணத்தில் அவளைச் சிக்கவைக்கும் சதியில் அந்தக் காதலனுக்கே பங்கு இருந்தது என்ற இடம் வந்தபோது அறையில் பெருமூச்சு கேட்டது. தவறு செய்தவள் தான்தான் என்று ஆடி தன்னையே நொந்துகொண்டிருந்ததால், அவன்மேல் அவளுக்குச் சந்தேகம் வரவே இல்லை.

ஒப்பீட்டுக்காக அகதா கிறிஸ்டியின் 1926 நாவலான 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' ஒரு கூட்டத்தில் பேசப்பட்டது. கதைசொல்லியே கொலையாளி என்பதைச் சிலர் மோசடி என்றார்கள், சிலர் ரசித்தார்கள்.

இளையோருக்கான எழுத்துப் பயிற்சியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தோம்: குற்றவாளி, நாயகி நம்பும் ஆளாக இருக்க வேண்டும், நம்பியதற்கான காரணமும் கதைக்குள் இருக்க வேண்டும். முதல் சுற்றில் பலரும் காரணத்தை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் வில்லனை இறக்கிவிட்டார்கள். திருத்தி எழுதிய கதைகள் வெகுவாகத் தேறின. நடத்திக் கொடுத்த ஒருங்கிணைப்பாளர்களுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். எழுத்துப் பயிற்சியை ஆண்டு முழுவதும் தொடர வேண்டும். அதிகம் கேட்கப்படும் நாவல்களுக்குக் கூடுதல் பிரதி வாங்க வேண்டும். ஒரே பிரதி கைமாறி வருவதற்குள் கூட்டம் முடிந்துவிடுகிறது. புத்தகம் வைத்திருப்பவர்கள் இன்றே திருப்பித் தந்தால் உதவியாக இருக்கும். அறிக்கையையும் தீர்மானங்களையும் பொதுக்குழு ஏற்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்