நூறே பிரதி அச்சாகும் காமிக்ஸுக்கு ஒரு பெட்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்களைப் பற்றி வந்த கட்டுரையைக் காபி ஆறிப்போகும்வரை படித்தேன். அதில் வந்த ஆட்களில் பாதிப்பேர் எங்கள் அண்ணன் மாதிரியே இருந்தார்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவி கதையோடு வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அண்ணன் புத்தகங்களைத் தலையணை உறைக்குள் திணித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். நான் உறையைக் கழற்றிப் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்பப் போட்டு வைப்பேன். அவருக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் கடிதத்தை நீங்கள் வெளியிட்டால் தெரிந்துவிடும், பரவாயில்லை.

கட்டுரை முடிகிற இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. நம் ஊரில் காமிக்ஸ் காலம் முடிந்துவிட்டது, மிச்சம் இருப்பது பழைய இதழ்களும் அவற்றுக்கு நடக்கும் ஏலமும்தான் என்கிற பாணியில் எழுதியிருந்தார்கள். ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோனது உண்மைதான். ஆனால் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் இன்னமும் வருகிறது, முத்துவும் வருகிறது. சரி, அதை உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். நான் எழுத வந்தது வேறு. கடைக்கே வராத, நூறு பிரதி மட்டும் அச்சாகிற, கையால் மடித்துத் தைக்கிற காமிக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. நான் சேர்ப்பது அதைத்தான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என் வேலையில் பெரிய பங்கு கேள்வித்தாள் அடிப்பது. முதலில் ரோனியோ என்கிற பிரதி எடுக்கும் இயந்திரம். மெழுகுத்தாளைத் தட்டச்சு இயந்திரத்தில் ரிப்பனைத் தூக்கிவிட்டு அடிக்க வேண்டும். பிழை வந்தால் சிவப்புத் திரவம் தடவி, ஊதிக் காயவைத்து, அதன் மேல் அடிக்க வேண்டும். அந்த வாசனைக்கு எனக்குத் தலைவலி வரும், ஆனாலும் பிடிக்கும். படம் இருந்தால்தான் சங்கடம். இந்திய வரைபடம், கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றம், முக்கோணம் எல்லாவற்றையும் ஊசி மாதிரி ஒரு ஸ்டைலஸை வைத்து மெழுகில் கீற வேண்டும். அழுத்தினால் கிழியும், அழுத்தாவிட்டால் மை இறங்காது. குஜராத்தின் வளைவில் நான் கிழித்த மெழுகுத்தாள்களுக்குக் கணக்கே இல்லை.

பிறகு ரிசோ வந்தது. ஜப்பான் இயந்திரம். மூலத்தாளை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே மாஸ்டர் தாளில் பொடிப்பொடியாகத் துளை போட்டு, டிரம்மில் சுற்றிக்கொண்டு, கடகடவென்று நிமிஷத்துக்கு நூற்றுக்கு மேல் துப்பும். ஒரு டிரம்முக்கு ஒரு நிறம்தான். எங்களிடம் கறுப்பு டிரம் மட்டும் இருந்தது. கேள்வித்தாளுக்கு வேறு நிறம் எதற்கு?

நாலு வருஷம் முன்பு, சென்னையில் ஓவியம் படிக்கும் தங்கை மகள் விடுமுறைக்கு வந்தாள். உள்ளங்கை அளவில், பதினாறே பக்கத்தில் ஒரு புத்தகத்தை என் மடியில் போட்டு, "பெரியம்மா, இதைப் பாருங்க" என்றாள். பச்சையும் ஆரஞ்சுமாக இரண்டு நிறம். இரண்டும் சரியாக ஒட்டாமல் ஒரு நூல் விலகியிருந்தன. கட்டைவிரலால் ஓரத்தைத் தேய்த்தேன், மை லேசாக ஒட்டியது.

"இது ரிசோல அடிச்சதுதானே?" என்றேன்.

அவள் வாயைப் பிளந்துவிட்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

முப்பது வருஷம் விரலில் ஒட்டிய மை தெரியாமல் போகுமா? ரிசோ மை தாளுக்குள் ஊறித்தான் உலரும், முழுக்கக் காயவே காயாது. வழுவழுத் தாளில் அடித்தால் இழுவிவிடும். இரண்டாவது நிறத்துக்கு டிரம்மை மாற்றி, அதே தாளை மறுபடி உள்ளே விட வேண்டும். விடும்போது மயிரிழை நகரத்தான் செய்யும். எங்கள் அலுவலகத்தில் அப்படி நகர்ந்திருந்தால் கட்டோடு குப்பைக்குப் போயிருக்கும். இந்தப் பிள்ளைகள் அந்த விலகலை எதிர்பார்த்தே வரைகிறார்கள். நான் குறையென்று ஒதுக்கிய அத்தனையும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

அப்புறம் நானே தேட ஆரம்பித்தேன். இப்போது என்னிடம் இருநூற்றுச் சொச்சம் இருக்கின்றன. அதில் ஒன்றை மட்டும் இங்கே விரித்துக் காட்ட ஆசை, ஏனென்றால் அது நம் ஊர்ச் சங்கதி.

ஏற்காடு மலைப்பாதையைப் பற்றிய காமிக்ஸ். நீளமான ஒரே தாள், விசிறி மாதிரி இருபது மடிப்பு. ஒரு மடிப்புக்கு ஒரு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு பக்க ஓரத்திலும் வளைவு எண் எழுதிய பலகை குட்டியாக இருக்கும். பக்கங்கள் நேராக நிற்கவில்லை, ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம் சாய்கிறது. டிரைவர் ஸ்டியரிங்கை ஒடிப்பது போல் கையிலிருக்கும் தாளைத் திருப்பிக்கொண்டே போனால்தான் படம் புரியும். நான் இதைப் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி ஏற்காடு பஸ்ஸிலேயே படித்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நீட்டினார்கள். தலைசுற்றல் என்று நினைத்திருப்பார்கள் போலும். வேடிக்கை என்னவென்றால் காமிக்ஸிலும் ஒன்பதாவது வளைவில் ஒரு பாட்டி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்கிறாள்.

வசனம் கிடையாது. கண்டக்டர் விசில் மட்டும் இரண்டு இடத்தில் எழுத்தாக வருகிறது. பதினாலாவது வளைவிலிருந்து பனிமூட்டம். அதை வரையவில்லை, மையைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மரம் புள்ளிகளாகி, புள்ளிகள் கலைந்து, இருபதாவது பக்கம் வெறும் வெள்ளைத் தாள். நான் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்து மை மெலிதாக ஒட்டி, தலைகீழாக ஒரு பஸ் நிழல் போலத் தெரிந்தது. ஈரத்தாளை அடுக்கினால் அடுத்த தாளின் முதுகில் ஒட்டுமே, அதேதான். அதற்காக நான் தலைமையாசிரியரிடம் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. வேண்டுமென்றே செய்தாளா என்று வரைந்த பெண்ணைத் தங்கை மகள் மூலம் கேட்டேன். முதல் சில பிரதிகளில் தானாக நடந்ததாம், பார்க்க நன்றாக இருந்ததால் மிச்சத்தையும் காயவிடாமலே மடித்தாளாம். மொத்தம் நூற்றிருபது பிரதி, என்னுடையது முப்பத்தேழாவது. விலை எண்பது ரூபாய். உங்கள் கட்டுரையில் வந்த ஏலத் தொகையில் இது மாதிரி ஒரு மூட்டை வாங்கலாம்.

இது ஏதோ சின்னப்பிள்ளைகள் விளையாட்டு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். நியூயார்க்கில் ஆர்ட் ஸ்பீகல்மேனும் ஃப்ரான்ஸ்வாஸ் மூலியும் 1980-இல் 'ரா' என்று ஒரு காமிக்ஸ் இதழை வீட்டிலிருந்தே தொடங்கினார்கள். பிற்பாடு 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு வாங்கிய 'மௌஸ்' அதில்தான் தொடராக வந்தது. அந்த இதழின் ஏழாவது எண்ணில், ஒவ்வொரு பிரதியின் அட்டை மூலையையும் கையாலேயே கிழித்து, வேறொரு பிரதியிலிருந்து கிழித்த துண்டை உள்ளே டேப் போட்டு ஒட்டி விற்றார்களாம். ஒன்று போல் இன்னொன்று இருக்காது. கிழிந்த அட்டை என்றால் பாதி விலை என்று பேரம் பேசுகிற சேகரிப்பாளர்களை இந்த இதழ் முன் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

லாட்வியாவின் ரீகா நகரில் 2007-லிருந்து 'குஷ்' என்று ஒரு குழு இயங்குகிறது. சத்தம் போடாதே என்பதற்கு அவர்கள் மொழியில் சொல்லும் சொல்லாம் அது. போஸ்ட் கார்டு அளவில் காமிக்ஸ் போடுகிறார்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது, தங்கை மகளின் தோழி கொண்டுவந்தது. சட்டைப் பையில் அடங்கும். பிரான்சில் 1992-இல் உபாபோ என்று ஒரு கூட்டம் தொடங்கினார்கள். தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டு வரைவது அவர்கள் வேலை. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒரே கதை, தாளை மடித்தால் வேறு கதை, இப்படி. நம் புலவர்கள் மாலைமாற்று என்றும் தேர் வடிவத்தில் எழுத்தை அடுக்கும் ரதபந்தம் என்றும் செய்ததுதானே என்று எங்கள் பள்ளித் தமிழாசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இங்கேயும் இல்லாமல் இல்லை. அம்பேத்கர் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணா' 2011-இல் வந்தது. வரைந்த துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கோண்டு பழங்குடி ஓவியர்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று கட்டமே போடாமல் வரைந்தார்கள். பேச்சுப் பலூன்களைப் பார்க்க வேண்டும். இதமாகப் பேசுகிறவர் பேச்சு பறவை வடிவில் இருக்கும், கடுஞ்சொல் பலூனுக்குத் தேள் கொடுக்குதான் வால். மாயாவி படித்து வளர்ந்த எனக்கு, பலூனுக்கு வால் எதற்கு என்கிற யோசனையே அதுவரை வந்ததில்லை.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். என் பெட்டியில் இருப்பதில் பாதி தேறாது. கதை ஓடாத இடத்தில் ஒரு கறுப்புப் பக்கத்தைப் போட்டுவிட்டு, கேட்டால் பரிசோதனை என்கிறார்கள். வரையச் சோம்பல் என்பது எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிடும், ஒரு காலத்தில் குஜராத்தைக் கீறியவள் நான். ஆனாலும் தேறாததையும் தூக்கி எறிவதில்லை. அடுத்த புத்தகத்தில் அதே பிள்ளை எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டுமே.

வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. அம்மாபேட்டையில் எங்கள் வீடு சின்னது, அதனால் ஒரு மழைக்காலம் முழுக்க டிரங்குப் பெட்டியை ஏற்காட்டில் தங்கை வீட்டில் விட்டு வைத்தேன். பெரிய தப்பு. திறந்தபோது பூஞ்சண வாடை. ஸ்டேப்ளர் பின்கள் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் எல்லாம் பழுப்புக் கண்ணீர். ஒவ்வொன்றாகப் பின்னைப் பிடுங்கி, பக்கத்துத் தறி வீட்டில் வாங்கிய நூலால் மூன்று துளை போட்டுத் தைத்தேன். நாற்பத்தாறு புத்தகம், பதினொரு நாள். துருக்கறை போகவில்லை.

எனக்கும் வயதாகிறது. எனக்குப் பிறகு இது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விடக் கூடாது என்று, ஒரு நூலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். புத்தக அடையாள எண் (ஐ.எஸ்.பி.என்.) இல்லை, பதிப்பாளர் முகவரி இல்லை, முதுகு இல்லாததால் அலமாரியில் நிற்காது, எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது அம்மா என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை, பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் இன்னும் இரண்டு நூலகங்களுக்கும் போக வேண்டும். விடுதி அறையில் உட்கார்ந்து நூறு பிரதி மடிக்கிற பெண்ணுக்கு அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. மறுபதிப்பும் கிடையாது. நூறும் நூறு வீட்டுக்குப் போய், இடம் மாறி, தொலையும்.

சேலத்துக்காரர்களுக்கு இது புரிய வேண்டும். கவிஞர் சி. மணி இருந்த ஊர் இது. 'நடை' சிற்றிதழ் 1968-இல் இங்கிருந்துதான் வந்தது. புதுக்கவிதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள், ஆனால் அது சில இதழ்களோடு நின்றுவிட்டது. மேலே சொன்ன தமிழாசிரியர்தான் எனக்கு ஓர் இதழைக் காட்டினார். துணியில் சுற்றி வைத்திருந்தார். அவரைப் போல நாலு பேர் வீட்டுப் பரணில் வைத்ததால்தான் அதைப் பார்க்கக் கொடுத்துவைத்தது.

அதனால் கேட்கிறேன். மாவட்டப் புத்தகத் திருவிழாவில் வரிசை வரிசையாக அரங்குகள் போடுகிறார்கள். ஓர் அரங்கின் வாடகை இந்தப் பிள்ளைகளின் மொத்த அச்சுச் செலவைவிட அதிகம். நுழைவாயில் பக்கம், வாடகை இல்லாமல், நாலு பேர் உட்காரும் ஒரு மேஜை போதும். நூலகத்தில் அலமாரி வேண்டாம், மூடியுள்ள ஓர் அட்டைப்பெட்டி, அதன்மேல் ஒரு லேபிள், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று. நோட்டை நானே எழுதித் தருகிறேன், கையெழுத்து நன்றாக இருக்கும். உங்கள் ஞாயிறு இணைப்பிலும் மாதம் ஒருமுறை அரைப்பக்கம் ஒதுக்கலாம். ராசிபலனைச் சுருக்குங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வேறு எதையாவது சுருக்குங்கள்.

இன்னொன்று. பள்ளி அலுவலகங்களில் ரிசோ இயந்திரங்கள் உறை போட்டு மூலையில் கிடக்கும். தேர்வு இல்லாத மாதங்களில், ஒரு சனிக்கிழமை மதியம், அதைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் என்ன? ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து விரித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டிச் சேர்த்து மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் ஆகிவிடும். பின்னும் வேண்டாம், நூலும் வேண்டாம். மடிக்கச் சொல்லித்தர நான் வருகிறேன். இயந்திரத்தில் தாள் சிக்கினால் எடுக்கவும் தெரியும்.

என் பெட்டியைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம், முகவரி உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டுவடை செட் சாப்பிட்டுவிட்டு நேரே வர வேண்டாம். போன மாதம் அண்ணன் அப்படித்தான் வந்தார். ஏற்காடு காமிக்ஸின் ஆறாவது வளைவில் இப்போது காரச் சட்னியில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி அலுவலக உதவியாளர்,
அம்மாபேட்டை, சேலம்.