கைக்காசு வேலை வேண்டாம், பாப்பா

வியாசர்பாடி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாப்பிள்ளை சொல்லித்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. பொங்கலிலிருந்து நீ வேலைக்குப் போகவில்லையாம். போனில் மட்டும் "இப்பதான் டூட்டி முடிஞ்சுது" என்று அம்மாவிடம் கதை விட்டிருக்கிறாய். உன்னை வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள் என்று அவளாக முடிவுகட்டிக்கொண்டு அழுதாள். "நிறுத்தல, அமெரிக்காவுல வேலை பார்க்க அனுமதி தர்ற கார்டு இன்னும் புதுப்பிச்சு வரல, அவ்வளவுதான்" என்று உட்காரவைத்துச் சொன்னேன்.

"எழுதிப்போட்டாச்சு, ரசீதும் வந்தாச்சு, அப்புறம் என்னவாம்?" என்கிறாள். கேள்வி நியாயமானதுதான். கார்டு முடிவதற்குள் புதுப்பிக்க மனுப் போட்டிருந்தால், அந்த ரசீதைக் காட்டியே 540 நாள் வரை வேலை பார்க்கலாம் என்று வைத்திருந்தார்கள். 2025 அக்டோபர் 30 முதல் போட்ட மனுக்களுக்கு அது இல்லை என்று எடுத்துவிட்டார்கள். பழைய கார்டு முடிந்தால் மறுநாள் வீட்டில்தான். சரி, முன்கூட்டியே போட்டுவைக்கலாம் என்றால், முடிவதற்கு 180 நாளுக்கு முன்னால் வாங்கவும் மாட்டார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூடுதல் பணம் கட்டினால் சீக்கிரம் பார்க்கும் வழி இருக்கிறதாம். புருஷனின் வேலை விசாவை ஒட்டிக் கிடைக்கிற எச்4 விசாவில் போன உங்களுக்கு அதுவும் கிடையாது. இதில் நீ என்ன தப்பு செய்தாய் என்று எங்களிடம் மறைத்தாய்?

உன் கையால் கொடுத்தால்தான் மாத்திரை போடுவேன் என்று அடம்பிடிக்கிற பெரியவர் ஒருத்தர் உங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கிறார் என்பாயே, அவர் நினைவுதான் வருகிறது. உன்னோடு இருந்த கேரளாப் பெண்ணும் இதே கார்டுக்காகத்தான் காத்திருக்கிறாளாம். அப்படியானால் மிச்சம் இருக்கிற நர்சுகள் டபுள் டூட்டி பார்க்கிறார்கள் என்று அர்த்தம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஆந்திராக்காரம்மாவுக்கும் இப்போது வருமானம் இல்லை. நீதான் வீட்டில் இருக்கிறாயே. ஆபீசில் ஒரு கட்டு நகராமல் கிடப்பது இத்தனை பேர் தலையில் விடிகிறது. கையெழுத்துப் போடுகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

இங்கே சீட்டு விஷயம் சொல்கிறேன். நீ அனுப்புகிற பணத்தில்தான் இட்லிக்கடை அக்காவிடம் மாசம் 5,000 கட்டிவந்தோம். 20 பேர் சேர்ந்த ஒரு லட்ச ரூபாய் சீட்டு. ஒருத்தர் நின்றால் அக்கா கைக்காசைப் போடணும், அவளிடம் ஏது? போன வாரம் ஏலத்துக்குப் போனேன். கடையை மூடி, பெஞ்சைத் திருப்பிப் போட்டு, தரையில் கோணி விரித்து உட்கார்ந்திருந்தோம். ஆட்டோ ஓட்டுகிற பையன் தங்கச்சி கல்யாணத்துக்காக, சீட்டை முன்னால் எடுக்க விட்டுக்கொடுக்கிற தள்ளுத் தொகையை ஏற்றிக்கொண்டே போனான், பாவம். "அமெரிக்காவுல பொண்ணு இருக்கு, பெரியவருக்கு என்னா கவலை" என்று ஒருத்தன் சிரித்தான். நான் பதில் பேசவில்லை. பென்ஷனிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டேன். அடுத்த மாசமும் கட்டிவிடுவேன். தம்பி பீஸுக்கு அம்மாவின் வளையல் இருக்கிறது, அதை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஆகையால் கிரெடிட் கார்டைத் தேய்த்து இங்கே பணம் அனுப்புகிற வேலையை இன்றோடு நிறுத்து.

எதிர் வீட்டுப் பையன் சவுதியில் தம்மாமில் இருக்கிறான். கம்பெனிக்காரன் இக்காமாவை, அதாவது அங்கே தங்கும் அனுமதி அட்டையை, புதுப்பிக்காததால் பேங்கு அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பக்கூட முடியவில்லை. அவன் அம்மா மளிகைக்கடைப் பக்கம் போவதில்லை. பாக்கி அப்படி ஏறிக்கிடக்கிறது.

இந்தக் காகிதப் பாடு நம் தெருவுக்குப் புதிதில்லை. பர்மாவில் ரங்கூனில் இருந்தபோது தாத்தா வெளிநாட்டவர் பதிவுச் சீட்டைப் புதுப்பிக்க ஆபீஸ் வாசலில் நிற்பார் என்று ஆயா சொல்லும். 1962-இல் ராணுவத் தளபதி நேவின் ஆட்சியைப் பிடித்தார், 1964-இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, கப்பலேறி இங்கே வந்து விழுந்தோம். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்றுத்தான் ஆயா எங்களை வளர்த்தது. உனக்கு அந்த அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மாப்பிள்ளையின் விசா இருக்கிறவரை நீ அங்கே இருக்கத் தடையில்லை, சம்பளத்துக்கு வேலை பார்க்கத்தான் தடை.

அதனால்தான் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அங்கே ஒரு ஹோட்டல்காரர் சனி ஞாயிறு பார்சல் கட்ட வா, கையில் காசு தருகிறேன் என்றாராம். போகாதே. நாளைக்கு அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்கு உட்காரும்போது, அனுமதி இல்லாமல் வேலை பார்த்தாயா என்று கேட்பார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று உனக்கே தெரியும். அவ்வளவு காலம் நின்றுவிட்டு, பார்சல் கட்டிய காசுக்காகத் தடுமாறுவாயா?

முதியோர் இல்லத்தில் ஒரு கடிதம் கேள்: ஆள் இல்லாமல் நோயாளிகள் கஷ்டப்படுகிறார்கள், இவள் மனுவைச் சீக்கிரம் பாருங்கள் என்று. அதை வைத்து விரைவாகப் பார்க்கச் சொல்லி விண்ணப்பம் கொடு. தருவார்களோ மாட்டார்களோ, கேட்பதில் குறைந்துபோகாது. நம்மூர் எம்.பி. மாதிரி உங்கள் தொகுதிக்கு இருக்கிற அமெரிக்க நாடாளுமன்ற (காங்கிரஸ்) உறுப்பினர் ஆபீசிலும் எழுதிக்கொடு, அவர்கள் குடியேற்றத் துறையிடம் விசாரிப்பார்களாம். நம்மூரில் கவுன்சிலர் ஆபீசில் போய் நிற்க நாம் வெட்கப்பட்டோமா?

நாளைக்கு உங்கள் காலை நேரத்தில் கூப்பிடுகிறேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரச் சொல். கிரெடிட் கார்டில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒளிக்காமல் சொல்லணும், இரண்டு பேரும்.

அன்புடன்,
அப்பா