கூட்டல் சரிதான், மகள்

அன்பு மகளுக்கு,

நான் சுகம். பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறேன். கொக்கட்டிச்சோலைச் சின்னம்மாவின் வழக்கு இன்னும் இழுபடுகிறது. வாவிப் பக்கத்து வேலி போன மழையோடு சாய்ந்துவிட்டது. கட்டித் தருவதாகச் சொன்னவன் இன்றுவரை வரவில்லை. மற்றதெல்லாம் வழமைபோல.

நீ கேட்டபடி, உன் விமானப் பறப்புகளை வரிவரியாக எழுதிவைத்த பழைய லொக் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கிறேன். முதலாவது முடிந்தது, இரண்டாவதில் பாதி. மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாள் புரளாமல் ஒரு பக்கம் அம்மாவின் பாக்குவெட்டியையும் மறுபக்கம் குத்துவிளக்கின் அடித்தட்டையும் பாரம் வைத்து எடுக்கிறேன். வியர்வை விழக்கூடாதென்று தோளில் துவாய். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. படம் எடுக்க நேரமாவதில்லை, ஒவ்வொரு வரியையும் வாசித்துவிடுகிறேன்.

முதல் புத்தகத்தில் உன் எழுத்து இன்னும் பள்ளிக்கூட எழுத்து. 2017, இரத்மலானையில் ஏறி இரத்மலானையிலேயே இறங்கியது, தனியே. பக்கத்தில் ஆசிரியரின் நீலமை ஒப்பம். சில பக்கம் தள்ளி அந்த வரி: வி.சி.சி.சி. முதல் வி.சி.சி.பி. வரை, அதாவது இரத்மலானையிலிருந்து நம் மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு. அன்றைக்கு நானும் அம்மாவும் திமிலைதீவு வீதியோரம் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றோம். 1983 முதல் விமானப்படை வேலியாகவே பார்த்த இடம், பொதுமக்களுக்குத் திறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்குமோ என்னவோ. உன் சின்ன விமானம் வாவிக்கு மேலால் வளைந்தபோது அம்மா குடையை விரித்து ஆட்டினாள். உனக்குத் தெரிந்திருக்காது.

இனி எல்லாம் டெப் கணினியில் என்று, அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்தபோது சொல்லி, மூன்று புத்தகத்தையும் அலுமாரியில் வைத்துவிட்டுப் போனாய். குறையாகச் சொல்லவில்லை. தாள்தான் பத்திரம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. 2004 மார்கழி 26 காலையில் நாவலடி வீட்டோடு என் சேவைச் சான்றிதழ்கள், உன் பிறப்புப் பத்திரம், கலியாண அல்பம் எல்லாம் போயின. ஆனால் டெப்பும் கீழே விழும், கடவுச்சொல் மறக்கும், அந்த மென்பொருளைச் செய்தவன் ஒரு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு போவான். இரண்டு இடத்தில் வை. மாதம் முடிந்ததும் அச்சிட்டு ஒப்பமிடு. பழைய மணித்தியாலங்களை ‘ஆரம்ப மீதி’ என்று ஒரே தொகையாக ஏற்றிவிடாதே. பலர் அப்படிச் செய்வதாக நீதான் சொன்னாய். நீ வரிவரியாக ஏற்று. வெறும் தொகை, தான் எங்கிருந்து வந்தேன் என்று சொல்லாது.

புத்தகம் உன் கையில் இருந்த காலத்தில் பக்கம் நிறைந்ததும் எனக்குப் படம் வரும், நான் கூட்டிப் பார்ப்பேன். ஆகாயத்தில் நின்ற நேரம் மட்டுமல்ல, விமானம் பறப்பதற்காக நகரத் தொடங்கியதிலிருந்து இறங்கி ஓய்ந்து நிற்கும்வரை கணக்கு என்பது எனக்கு விளங்கவே ஒரு மாதம் பிடித்தது. ஒருமுறை 58 நிமிடத்தையும் 47 நிமிடத்தையும் கூட்டி, வந்த ஒரு மணித்தியாலத்தை மேலே ஏற்ற மறந்திருந்தாய். சொன்னதும் சுரண்டாமல், அழிக்காமல், ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சின்ன ஒப்பம் வைத்துத் திருத்தினாய். கந்தோரில் முப்பது வருடம் சொல்லியும் ஒருவனும் ஒழுங்காகச் செய்யாத வேலை அது. 1,500 மணித்தியாலம் கடந்த பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். கப்டனாவதற்கான பெரிய லைசன்சுக்கு அவ்வளவு வேண்டும் என்று சலூன்காரருக்கும் தெரியும்.

இப்போது டெப் தானே கூட்டிக்கொள்கிறது. எனக்கு அனுப்பத் தேவையில்லை. முதல் இரண்டு மாதம் அச்சுப் பிரதி வந்தது. அதன் கடைசி வரியிலிருந்து இன்றோடு 112 நாள். 90 நாளுக்குள் மூன்று தரம் ஏற்றி மூன்று தரம் இறக்கியிராவிட்டால் பயணிகளோடு பறக்கவிடமாட்டார்கள் என்று சொன்னதும் நீதான். அனுப்ப மறந்திருப்பாய். போன் எடுத்தால் மருமகன், “தூங்குகிறாள் மாமா” என்கிறார். இரவுப் பறப்பு முடித்து வந்திருப்பாய். பகலில் தூங்குவதானால் திரைச்சீலையை நன்றாக இழுத்து மூடு. இரண்டு இடத்தில் வைத்தாயா?

மூன்றாவது புத்தகத்தைப் படம் எடுக்க நான் இன்னும் திறக்கவில்லை. 2023, ஒரு வரி மாசி 19. அடுத்த வரி ஆனி 8. இடையில் ஒன்றுமில்லை. அந்த 58உம் 47உம் அதே பக்கத்தில்தான் இருந்தன. பக்கம் வந்த இரவே திகதிகளைப் பார்த்தேன், மகள். இரண்டு தரம் பார்த்தேன். பார்த்துவிட்டு உனக்கு எழுதியது அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி. “பிள்ளையிடம் ஒன்றும் கேட்காதீர்கள், நான் பேசிவிட்டேன்” என்று அம்மா சொன்னாள். எனக்கும் அது வசதியாகப் போய்விட்டது. இப்போது அவளும் இல்லை.

ஒருவரிடமும் சொல்லாத ஒன்று. 1990 மார்கழியில் பதினொரு நாள் என்னால் குளத்தடிக்குப் போக முடியவில்லை. காலை எட்டரைக்கு மழைமானியை அளந்து எழுத வேண்டியவன் நான். வீட்டு முற்றத்து வாளியைப் பார்த்து 14, 22, 9 என்று மில்லிமீற்றர் எழுதினேன். மாதக் கூட்டுத்தொகை சரியாக வந்தது, மேலே ஒப்பமும் விழுந்தது. அந்தப் பெட்டிகளை வெறுமையாக விட்டிருக்க வேண்டும். பயம். நீ அந்த மூன்றரை மாதத்துக்கு ஒரு வரியையும் இட்டுக்கட்டவில்லை. உள்ளதை உள்ளபடி என் முன்னால் வைத்தாய், நான் நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உன் மூன்றாவது புத்தகத்தின் கடைசிப் பக்கத்துத் தொகை பென்சிலில் இருப்பது எனக்கு நினைவிருக்கிறது. திவசத்தன்று பார்த்தேன், ஒப்பமும் இல்லை. கூட்டல் சரிதான். மையால் எழுதி ஒப்பமிட வேண்டியவள் நீ. மருமகனுக்கு லீவு கிடைக்காவிட்டால் தனியாக வா. வேலி கிடக்கட்டும். கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்துக்கொண்டு நானே வருவேன். வந்திறங்கும் நேரத்தை மட்டும் எழுது. லொக் புத்தகத்தின் கிறீன்விச் நேரத்தில் வேண்டாம், நம் நேரத்தில் எழுது. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டும்போது இப்போதெல்லாம் எனக்குப் பிழை வருகிறது.

அப்பா