அமாவாசை வத்தத்தில் தலைமைப் பயிற்சியா?

கடலோர மகளிர் குழுக்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி நடத்தும் அதிகாரிகளுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

போன அமாவாசையை ஒட்டி இராமநாதபுரத்தில் இரண்டு நாள் நடந்த பயிற்சியைப் பற்றி எழுதுகிறோம். என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும், விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வருகைப் பதிவேடு நிரம்பியது. பேனர் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தாயிற்று. கையேடும் பையும் கொடுத்தாயிற்று. வராத குழுவின் பெயர் அடுத்த மானியப் பட்டியலில் இருக்காது என்று முந்தின நாள் இரவு போனில் சொல்லப்பட்டதையும் மறந்திருக்க மாட்டீர்கள். மிரட்டி வரவழைத்த அந்தக் கூட்டத்தில் நடந்த முதல் வகுப்பின் தலைப்பு, "அதிகாரம் காட்டாமல் பிறரை ஊக்குவிப்பது எப்படி".

நாங்கள் கேட்க வந்தது ஒன்றுதான். இனிமேல் பயிற்சியின் தேதியையும் பாடத்தையும், கடற்பாசி எடுத்தும் வளர்த்தும் பிழைக்கிற பாசிப் பெண்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பயிற்சியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

தேதியில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். சின்னப்பாலத்திலிருந்து ஏர்வாடிப் பக்கம் வரை தீவுக்குப் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு மாதத்தில் வேலை நாள் 12. அமாவாசைக்கு ஆறு, பௌர்ணமிக்கு ஆறு. நம் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், நீர் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைத் தொடுவதே அரிது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் வத்தம், அதாவது கடல் வற்றுவது, நன்றாக இறங்கும், மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பிடித்திருக்கும் கடலடிப் பார் கைக்கு எட்டும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பை கட்டி முங்கி எடுக்கிற வேலை அது. உங்கள் பயிற்சி விழுந்தது அந்த ஆறு நாளில் இரண்டு நாள். மாத வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போயிற்று.

போனது வந்தவர்களின் வருமானம் மட்டும்தானா? ஒரு படகில் போகிறவர்கள் டீசல் காசைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இரண்டு பேர் குறைந்தால் மீதிப் பேர் தலையில் காசு ஏறும். நான்கு பேர் குறைந்தால் கட்டுப்படியாகாது, படகு கிளம்பாது. நீங்கள் ஒவ்வொரு குழுவிலும், குழுவை நடத்தும் ஊக்குநரையும் இரண்டு பிரதிநிதிகளையும் அழைத்தீர்கள். ஒரே படகில் போகிற இரண்டு குழுக்களிலிருந்து ஆறு பேர் இராமநாதபுரம் பஸ் ஏறினால், அழைக்கப்படாத பெண்களும் அன்றைக்குக் கரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர்களுக்குச் சாப்பாடும் இல்லை, கையேடும் இல்லை.

அந்தக் கையேட்டில், மனிதத் தேவைகளைத் தட்டுத் தட்டாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணம் அச்சாகியிருக்கிறது. அதன் அடித்தட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்: உணவு, நீர், உறக்கம். அடித்தட்டில் கை வைத்துவிட்டு உச்சித்தட்டான "தன்னை உணர்தல்" பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினால், கேட்கிற பெண் எதை உணர்வாள்?

இன்னொன்று. 12 நாள் என்ற கணக்கு வானத்திலிருந்து விழவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, தீவுக்குப் போவதே குற்றம் என்ற நிலை வந்து, படகு பிடிபடுவதும் பாசி பறிபோவதுமாக இருந்த காலம் உங்கள் கோப்புகளில் இருக்கும். அப்போது கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் போவோம், இரும்புத் தகடு வைத்துச் சுரண்ட மாட்டோம், கையால் மட்டுமே எடுப்போம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டு வைத்துக்கொண்டவர்கள் இந்தப் பெண்கள். அடிப்பிடிப்பை விட்டுவிட்டுத் தழையை மட்டும் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும் என்பதை எந்தக் கையேடும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. பொதுவளத்தை அதைப் பயன்படுத்தும் மக்களே எப்படிக் கட்டுக்குள் வைத்து ஆள்கிறார்கள் என்று ஆராய்ந்ததற்காக எலினார் ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதார நோபல் கொடுத்தது 2009இல். அவர் ஆராய்ந்த மாதிரியான ஒரு கட்டு இங்கே கண்ணெதிரே நடக்கிறது. அதைக் கட்டியவர்களைக் கூட்டி வைத்து "தலைவி என்பவள் யார்?" என்று பலூன் ஊதி விளையாட வைத்திருக்கிறீர்கள்.

வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமி என்று இல்லை, கடல் கொந்தளிக்காத மாதங்களில் எல்லா நாளும் வேலை நாள். ஒருவருக்கு 45 மிதவை என்று ஏன் வைத்திருக்கிறது? விதை கட்டி 45 நாளில் அறுவடை. நாளுக்கு ஒரு மிதவை அறுத்து, அன்றைக்கே மறுபடி விதை கட்டி இறக்கினால் சுற்று நிற்காது. ஒரு மிதவைக்கு 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதை. ஆக 400 முடிச்சு, 60 கிலோ. வெட்டிய விதையை நிழலில், ஈரச் சாக்கு போட்டு மூடி, அன்றைக்கே கட்டியாக வேண்டும். வெயில் பட்டாலும் மழைநீர் பட்டாலும் விதை போயிற்று. நன்றாக வந்தால் மிதவைக்கு 260 கிலோ வரை கிடைக்கும். அதில் 60 மறுபடி விதைக்கு. மிச்சம் 200 காய்ந்தால் 20 கிலோ. இரண்டு நாள் ஆள் இல்லையென்றால் இரண்டு மிதவை தள்ளிப்போகும், பாரம் ஏறிய கிளைகள் அலையில் முறிந்து போகும், மிதவைக்கு அடியில் கட்டிய வலையில் ஓட்டை இருந்தால் ஓரா மீன் வந்து மிச்சத்தை மேய்ந்துவிடும்.

தலைமை என்ற சொல்லுக்கு இந்தத் தொழிலில் நேரடியான வேலை ஒன்று இருக்கிறது. அதை உங்கள் பாடத்தில் காணவில்லை. கடல் சூடேறி, நீரோட்டம் குறைந்து நின்றாலும், கனமழையில் உப்பு இறங்கினாலும் பாசிக்கு ஐஸ்-ஐஸ் என்கிற நோய் வரும். தண்டு அங்கங்கே வெளுக்கும். வெளுத்த இடம் இளகி, அதற்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அறுந்து விழும். 2013இலிருந்து வந்த பெரிய அழிவை இந்தக் கரை மறக்கவில்லை. வெளுப்பு கண்ணில் பட்ட அன்றைக்கே யாராவது ஒருத்தி "25 நாள்தான் ஆகியிருக்கிறது, பரவாயில்லை, வெட்டு" என்று சொல்ல வேண்டும். நல்ல நுனிகளை விதைக்குப் பிரித்து, மிதவையை ஓட்டமுள்ள ஆழத்துக்கு நகர்த்த வேண்டும். அப்படிச் சொல்லும் அதிகாரம் இன்று யாரிடம் இருக்கிறது? ஊக்குநர் கள அலுவலருக்குப் போன் செய்கிறார். கள அலுவலர் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்கிறார். திட்டக் கணக்கில் அறுவடை 45 நாள் என்று இருப்பதால், முன்னால் வெட்டினால் இழப்பு யார் தலையில் என்று யாருக்கும் தெரியாது. மேலிருந்து பதில் வருவதற்குள் கயிறு மட்டும் மிஞ்சுகிறது. இங்கே குறைவது துணிச்சல் என்று நினைத்தால் தன்னம்பிக்கை வகுப்பு போதும். குறைவது அதிகாரம் என்பதால்தான் எத்தனை வகுப்பு எடுத்தும் ஒன்றும் மாறவில்லை. முன்கூட்டி வெட்டும் முடிவு குழுவுடையது என்று ஒரு வரி எழுத்தில் கொடுங்கள். அது பத்துப் பயிற்சிக்குச் சமம்.

பாடமாக என்ன வைக்கலாம் என்று கேட்டால், கேட்டிருந்தால், சொல்லியிருப்பார்கள். கொள்முதல் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். மணலுக்கு எவ்வளவு கழிவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு, அதை அளப்பது யார், எடை போடும்போது குழுவின் ஆள் பக்கத்தில் நிற்கலாமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும், அல்லது இருக்காது. காய்ந்த பாசியில் ஈரம் 35 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். கையில் எடுத்து முறுக்கிப் பார்த்து "ஈரம்" என்று சொல்லி விலை குறைக்கும்போது எதிர்க்கேள்வி கேட்க, பாசியை மணலில் பரப்பாமல் வலைப்படல் மேல் காயவைத்து, சொந்தத் தராசில் எடை போட்டு, நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டு கையில் இருக்கிற பெண்ணின் குரல் தானாகவே உயரும். "கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்" என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம், ஒவ்வொரு முறையும் அதே ஊக்குநர், அதே பிரதிநிதிகளையே அழைக்கிறீர்கள். 1989இல் தருமபுரியில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கிய நாளிலிருந்து சொல்லப்படுவது பொறுப்பு சுழல வேண்டும் என்று. நடைமுறையில், தீர்மான நோட்டு எழுதத் தெரிந்தவர் ஒருவர், வங்கியில் பேசத் தெரிந்தவர் ஒருவர் என்று நின்றுபோகிறது. பயிற்சிக்கும் அவர்களே போய்வந்தால் இடைவெளி கூடத்தானே செய்யும்? அடுத்த முறை பொறுப்பில் இல்லாத இரண்டு பேரை அழையுங்கள். மாதக் கூட்டத்தில் வரவு செலவை முறை வைத்து ஆளுக்கொருவராக வாசிக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதம் தடுமாறுவார்கள், ஊக்குநருக்கும் கொஞ்சம் கசக்கும். கசக்கட்டும்.

இதையெல்லாம் எழுதும்போது வேறு ஒன்றும் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. 2020இல் மத்திய அரசு தொடங்கிய மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதாவில் ஒரு மிதவைக்கு 1,500 ரூபாய் செலவு என்று வைத்து, பெண்களுக்கு 60 விழுக்காடு மானியம் என்றார்கள். 45 மிதவைக்கு 67,500. அதில் அவர்கள் பங்கு 27,000. தன் கைக்காசு 27,000 போடுகிற ஒருத்திக்கு மூங்கிலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாதா? மிதவைக்கு 12 அடியில் நான்கு, மூலைக்கு 4 அடியில் நான்கு, ஆக 64 அடி மூங்கில். மூன்று நான்கு அங்குலப் பருமன் வேண்டும். மெலிந்த மூங்கில் வாடைக் காற்றுக்கு முன்பே கணுவில் பிளந்துவிடும். கரையில் இறக்கும்போதே பெண்கள் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள், கேட்கத்தான் ஆள் இருக்காது. வளமாவூரில் 127 கோடிக்குக் கடற்பாசிப் பூங்கா வருகிறது, மகிழ்ச்சி. அங்கே முடிவெடுக்கும் குழுவில் பாசி கட்டிய கை எத்தனை இருக்கும் என்று கேட்டால் அது அரசியல் ஆகிவிடுமோ என்னவோ. "பெண்கள் அதிகாரம்" என்று எழுதிய பேனருக்குப் பின்னால் நின்று கேட்கலாம்போல.

கோபத்தில் எழுதியதாகப் படவேண்டாம், பணிவாகவே கேட்கிறோம். பயிற்சியின் தேதியையும் பாடத்தையும் பெண்களோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். வசதிக்காகச் சில குறிப்புகள்: தீவுக்குப் போகிறவர்களுக்கு அஷ்டமி, நவமி தோது. வத்தம் இறங்காத நாள், கடல் வேலை இல்லை. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று ஊர் ஒதுக்குகிற நாள்தான், பயிற்சிக்குத் தாராளமாக ஆகும். மிதவை வேலை செய்கிறவர்களுக்கு வடகடல் கொந்தளிக்கும் ஐப்பசி, கார்த்திகை. மற்ற மாதங்களில் என்றால் மாலை மூன்று மணிக்கு மேல், முனைக்காடோ சம்பையோ அந்தந்த ஊரிலேயே, இரண்டு மணி நேரம். காயப்போட்ட பாசிக்கு மழை வந்தால் ஓடி அள்ள வீடு பக்கத்தில் இருக்க வேண்டும். நாள் முழுக்க வரச் சொன்னால் அந்த நாளின் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அதைப் பயிற்சிச் செலவில் எழுத இடமிருக்கிறதா என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த பயிற்சிக்கான சுற்றறிக்கை தயாராகிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டோம். தேதி எழுதும் இடத்தைக் காலியாக விட்டு ஒரு நகலைக் குழுக்களுக்கு அனுப்பினால், அடுத்த மாதக் கூட்டத்தில் பேசி, நிரப்பி, கையெழுத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மானியப் பட்டியல் பற்றிச் சொன்ன வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்று ஒரு வரியும் அதிலேயே சேர்த்துவிட்டால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடற்கரையில் பாசிக் குழுக்களின் கணக்கு நோட்டு எழுதுகிறவர்கள்