அட்டவணைக்குள் அடம்பிடித்த மேக்ரோவுக்கு வழி சொன்னவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

எண்ணையும் அலகையும் சேர்த்து அச்சிடும் மேக்ரோ அட்டவணைக்குள் அடம்பிடிக்கிறது என்று உங்களிடம் கேட்டிருந்தேனே, அந்த லேடெக் மேக்ரோ (ஆவணங்களை அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளில் நாமே எழுதிக்கொள்ளும் கட்டளை) இப்போது ஒழுங்காக ஓடுகிறது. உரைக்குள் எழுதினால் எண்ணும் அலகும் வரி முறியாமல் ஒட்டி வருகின்றன. அட்டவணைக்குள் அதே கட்டளை எண்ணை ஒரு நெடுவரிசையிலும் அலகை அடுத்ததிலும் வைக்கிறது. அலகு இல்லாத இடத்தில் இரண்டு கட்டங்களையும் இணைத்து எண்ணை நடுவில் நிறுத்துகிறது. உங்களில் சிலருக்குத் தனியாக நன்றி சொல்லிவிட்டேன். ஆனாலும் நீங்கள் சொன்னவை பொதுவில் இருந்தால், இதே இடத்தில் முட்டி நிற்கும் இன்னொருவருக்கும் பயன்படுமே என்றுதான் இந்த மடல்.

முதல் நன்றி, முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டாம், பிழை தெரியும் அளவுக்கு ஒரு சின்ன மாதிரி போதும் என்று பிடிவாதமாக நின்றவருக்கு. சுருக்கச் சுருக்கப் பாதிக் குழப்பம் தானாகவே கழன்றது. டேபிள் வேறு, டேபுலர் வேறு என்று பிரித்துக் காட்டியவரும் அவர்தான். டேபிள் என்பது பக்கத்தில் மிதக்கும் பெட்டி, தலைப்பும் அதற்குள்தான் வரும். கட்டங்கள் இருப்பது டேபுலரில். டேபிளை வைத்து முடிவெடுக்கும் மேக்ரோ, தலைப்பில் வரும் அளவுக்கும், கட்டங்களைப் பிரிக்கும் & குறியைப் போட்டுவிடும்.

அட்டவணைக்குள் இருக்கிறோமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இ-டெக்கில் (லேடெக்குக்கு அடியில் ஓடும் டெக் நிரலின் நீட்சி) நடப்பு குரூப்பின் (உள்ளே செய்த மாற்றங்கள் அதற்குள்ளேயே அடங்கும் எல்லை) வகையைக் கேட்கலாம், அட்டவணை குரூப்புக்கு விடை 6. பார்க்க அழகான வழி. ஆனால் பத்தியாக மடியும் நெடுவரிசையில் உரை தனிப் பெட்டிக்குள் போய்விடுவதால் விடையும் மாறிவிடும். இடையில் ஒரு ஜோடி அடைப்புக்குறி வந்தாலே போதும், மாறிவிடும். "டெக்கைக் கேட்காதீர்கள், நீங்களே குறித்து வையுங்கள்" என்றார் ஒருவர். லேடெக்கின் 2020 அக்டோபர் வெளியீட்டிலிருந்து ஒவ்வொரு சூழலுக்கும் (டேபிள், டேபுலர் போல, தொடக்கமும் முடிவும் குறித்த பகுதி) தொடக்க ஹுக் உண்டு, அதாவது சூழல் தொடங்கும்போது நம் கட்டளையைச் செருகும் இடம். அதில் 'அட்டவணைக்குள் இருக்கிறோம்' என்று குறிக்கும் ஒரு சுவிட்சைப் போட்டால், அது அந்தச் சூழலின் குரூப்புக்குள் அடங்கியிருப்பதால் சூழல் முடிந்ததும் தானே அணைந்துவிடும். டேபுலர்எக்ஸ், லாங்டேபிள் ஆகிய மற்ற அட்டவணைச் சூழல்களுக்கும் தனித்தனியே போட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து & குறி. நிபந்தனையின் ஒரு கிளையில் & இருந்து, அந்தக் கிளையை டெக் தாண்டிப் போகிறது என்று வையுங்கள். தாண்டும்போதுகூட அதைக் கட்டத்தின் முடிவாகவே எடுத்துக்கொண்டு, நிபந்தனை முடியவில்லை என்று கத்தும். இரண்டு கிளைகளையும் அடைப்புக்குறிக்குள் வாதங்களாக (கட்டளைக்குத் தரும் உள்ளீடுகளாக) கொடுத்து, நிபந்தனையை முதலில் மூடிவிட்டு, இரண்டில் ஒன்றைப் பொறுக்கும் பழைய உத்தியைக் காட்டிய நண்பரே, உங்கள் விடை மூன்றே வரி. கூடவே ஒரு விளக்கமும் தந்திருக்கலாம்! அது புரிய எனக்கு நேரம் பிடித்தது.

எல்லாவற்றிலும் பெரிய கடன், டெக் எப்போது பார்க்கிறது என்பதைச் சொல்லித் தந்தவருக்கு. கதவைத் திறக்கும் முன் யார் என்று எட்டிப் பார்ப்பதைப் போல, டெக் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் மேக்ரோக்களை விரித்து, அதாவது கட்டளையின் இடத்தில் அதன் உள்ளடக்கத்தை வைத்து, பார்க்கிறது. அது தேடுவது ஒமிட் என்ற கட்டளையை. அது கிடைத்தால் அந்த நெடுவரிசையின் வார்ப்பை (ஒவ்வொரு கட்டத்தின் முன்னும் பின்னும் தானாகச் சேரும் கட்டளைகளை) பயன்படுத்தாது, கிடைக்காவிட்டால்தான் வார்ப்பை உள்ளே விடும். கணித நெடுவரிசையில் கணிதத்தைத் தொடங்கிவைக்கும் டாலர் குறி அந்த வார்ப்பில்தான் இருக்கிறது. அதனால் கட்டத்தின் தலையில் நிற்கும் மேக்ரோ "இது கணிதமா?" என்று கேட்டால், டாலர் வருவதற்கு முன்பே "இல்லை" என்று விடை கிடைத்துவிடும். அதே மேக்ரோ கட்டத்தின் நடுவில் வந்தால் சரியாக நடந்துகொள்ளும். எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது இந்த முரண்தான்.

இதற்கு மருந்து, மேக்ரோவை இ-டெக்கின் புரொடெக்டட் வகையாக்குவது. அப்போது எட்டிப் பார்க்கும் நேரத்தில் அது விரியாது. ஆனால் கட்டங்களை இணைக்கும் மல்ட்டிகாலம் அந்த ஒமிட்டை நம்பித்தான் இருக்கிறது. விரியாத மேக்ரோவுக்குள் அது ஒளிந்திருந்தால் காலம் கடந்துதான் வெளிப்படும், "மிஸ்பிளேஸ்ட் ஒமிட்" என்று பிழை வரும். புதுக் கட்டளை உருவாக்கும் நியூ டாக்குமென்ட் கமாண்ட் கொண்டு எழுதும் கட்டளைகள் எல்லாமே புரொடெக்டட் என்பதையும் அவர்தான் நினைவூட்டினார்.

ஆக ஒரே மேக்ரோ விரியவும் வேண்டும், விரியாமலும் இருக்க வேண்டும். மேக்ரோவை இரண்டாக உடைக்கச் சொன்னவர் யாரோ, அவருக்கு என் தனி வணக்கம். வெளி மேக்ரோ விரியக்கூடியது. சுவிட்ச், அலகு காலியா இல்லையா என்பது தவிர வேறெதையும் அது பார்க்காது. கணிதமா உரையா என்ற கேள்வி உள்ளே இருக்கும் புரொடெக்டட் மேக்ரோவின் பொறுப்பு. இந்தப் பிரிவினை வந்த பிறகு கோப்பும் படிக்க எளிதாகிவிட்டது.

கடைசியாக, மெய்ப்பு பார்க்கும்போது, மேக்ரோ சேர்த்துவைக்கும் அலகுப் பட்டியலில் சில பெயர்கள் இரட்டித்திருப்பதைக் கண்டுபிடித்த தோழிக்கு. டேபுலர்எக்ஸ் அகலத்தைக் கணக்கிட அட்டவணையைப் பலமுறை வைத்துப் பார்க்கும். லேடெக்கின் கவுண்ட்டர்களை ஒவ்வொரு முறையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். நாமாக குளோபலாக (குரூப்பைத் தாண்டியும் நிற்கும்படி) சேர்த்தவை அப்படியே தங்கிவிடும். இப்போது பட்டியல் துணைக் கோப்பில் எழுதப்படுகிறது. ஒத்திகைச் சுற்றுகளில் கோப்பில் எழுதுவது நிறுத்தி வைக்கப்படுவதால் இரட்டிப்பு இல்லை.

மேக்ரோவைக் குறிப்புரைகளோடு உங்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். அட்டவணைக்குள் அட்டவணை வைத்து இன்னும் சோதிக்கவில்லை. யாராவது முந்திக்கொண்டால் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
அளவு மேக்ரோக்காரன்