சொல்லாமல் வருகிறவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. தங்கச்சியையும் பேரனையும் கேட்டதாகச் சொல். இங்கே குளிர் இன்னும் விட்டபாடில்லை.

ஜெர்மனியில் பட்டாளம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். போன வாரம்தான் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். என்னோடு வேலை பார்ப்பவரின் மகன் ராணுவத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. மதியம் சாப்பிடும்போது அவர் போனில் ஒரு படம் காட்டினார். பையன் இருக்கிற முகாமின் குளியலறைக் கூரை. மூலையில் தொடங்கி விளக்கு வரைக்கும் கன்னங்கரேலென்று பூஞ்சை. மேலதிகாரியிடம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பையன் நாடாளுமன்றத்துக்கே எழுதிவிட்டானாம். இதைக் கேட்டு எனக்குத்தான் பதறியது. "வேலை போய்விடாதா?" என்றேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை.

அப்புறம் விளக்கிச் சொன்னார். ராணுவத்தைக் கண்காணிக்க இங்கே நாடாளுமன்றமே ஐந்து வருடத்துக்கு ஓர் ஆணையரைத் தேர்ந்தெடுக்கிறது. 1956இல் அரசியல் சட்டத்திலேயே இதைச் சேர்த்திருக்கிறார்கள். ஹிட்லர் காலத்தைப் பார்த்தவர்கள் மறுபடி ஒரு ராணுவத்தை அமைக்கும்போது வேறு எப்படி யோசிப்பார்கள்? எந்தச் சிப்பாயும் மேலதிகாரி வழியாகப் போகாமல் இந்த ஆணையருக்கு நேராக எழுதலாம். எழுதியதற்காக அவனைத் தண்டிக்கக் கூடாது. ஆணையரும் எந்த முகாமுக்கும் எந்த நேரத்திலும் முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்கலாம்.

அந்தச் 'சொல்லாமல்' என்ற வார்த்தைதான் என்னை உலுக்கிவிட்டது. நீ பட்டாளத்தில் இருந்தபோது, ஜெனரல் வருகிறார் என்றால் முதல் நாள் ராத்திரி முழுக்க டார்ச் வெளிச்சத்தில் செங்கல் வரிசைக்குக் காவியும் சுண்ணாம்பும் அடித்த கதையை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! அன்றைக்கு மட்டும் பருப்பு கெட்டியாக இருக்கும் என்பாயே.

இங்கேயும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1963இல் நாகோல்ட் என்ற ஊரில் பயிற்சி நடையின்போது மயங்கி விழுந்த ஒரு புதுச் சிப்பாய் சில நாளில் இறந்துபோனான். அடுத்த வருடம், அப்போதைய ஆணையர் ஹெல்முட் ஹையே, ராணுவம் பழைய வழிக்கே திரும்புகிறது என்று ஒரு வாரப் பத்திரிகையில் எழுதினார். இத்தனைக்கும் அவரே கடற்படையில் வைஸ் அட்மிரலாக இருந்தவர். பெரிய ரகளையாகி, அந்த வருடமே பதவி விலகினார். ஆனால் அந்தப் பதவியை யாரும் ஒழித்துவிடவில்லை. 2023இல் அப்போது ஆணையராக இருந்த ஏவா ஹோகல் கொடுத்த அறிக்கையைப் பார். ராணுவத்துக்கு 10,000 கோடி யூரோ தனி நிதி ஒதுக்கிய நாட்டில், முகாம்களில் கழிப்பறை சரியில்லை என்று எழுதினார். இதே வேகத்தில் போனால் இருக்கிற கட்டடங்களைச் சீர்செய்து முடிக்க அரை நூற்றாண்டு ஆகும் என்றும் எழுதினார்.

நம் நாட்டிலும் பாதுகாப்புக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 1993 முதல் இருக்கிறது. ஆனால் 2021இல் அவர்கள் சீன எல்லையில் இருக்கிற கல்வான் பக்கம் போக விரும்பியபோது அரசின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லை விஷயத்தில் ரகசியம் வேண்டும், சரி. சாப்பாட்டிலும் குளியலறையிலும் என்ன ரகசியம்? 2017இல் எல்லைப் பாதுகாப்புப் படை வீரர் ஒருவர் கருகிய ரொட்டியையும் தண்ணீராக ஓடும் பருப்பையும் வீடியோவில் காட்டினார். மூன்று மாதத்தில் வேலையை விட்டே நீக்கினார்கள். எழுதிக் கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் அவர் ஏன் போனைத் தூக்கப் போகிறார்? இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பையனுக்குப் பதில் வந்தால் எழுதுகிறேன். நீ ஒன்று சொல். உன் முகாமுக்கு அப்படி ஒருவர் திடுதிப்பென்று வந்து நின்றிருந்தால், எந்தக் கதவை முதலில் திறந்து காட்டியிருப்பாய்?

அன்புடன்,
உன் சிநேகிதன்