பூட்ஸைக் கழற்றச் சொன்னவருக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் 1920களிலிருந்து 1940கள் வரை கொடிகட்டிப் பறந்த நடனக்கூடங்களைப் பற்றி நான் எழுதிவந்த கட்டுரைத் தொடர் சென்ற மாதம் முடிந்தது. உதவியவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் எழுதத்தான் நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோதுதான், பாதிப் பேர் "என் பெயரைப் போடாதே" என்று சொல்லிவைத்தது நினைவுக்கு வந்தது. ஆகவே பெயரில்லாமல் இந்தப் பொது மடல். உங்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, அவரவருக்கு உரிய பகுதியை ஆங்கிலத்தில் சொல்வதாக என் மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

வடக்கு அயோவாவின் ஒரு சிற்றூரில் நடனக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பிப்ரவரி மாதத்துக் காலையில், கேமராவும் கையுமாக உள்ளே நுழைந்தவனிடம் நீங்கள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "பூட்ஸைக் கழற்று" என்றீர்கள். ஆட்டம் இல்லாத நாள் என்பதால் சூடேற்றியைப் போட்டிருக்கவில்லை. காலுறையோடு அந்த மேப்பிள் தரையில் நின்றபோது குளிர் முழங்கால் வரை ஏறியது. நான் கூரையின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் அவ்வளவு அகலத்தை எப்படி மூடினார்கள் என்பதுதான் அப்போது என் கவலை. நீங்களோ மேடைக்கு முன்னால் மண்டியிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துத் தரையில் வைத்தீர்கள். "இங்கே தடவிப் பார். இப்போது சுவரோரம் தடவு."

வித்தியாசம் உள்ளங்கைக்குத் தெரிந்தது. மேடையை ஒட்டிய பலகைகள் லேசாகக் குழிந்திருந்தன. ஜோடிகள் கூடத்தைச் சுற்றி வட்டமாக ஆடிவருவதுதான் வழக்கம். தேய்மானம் எங்கும் ஒன்றுபோலத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டேன். நல்ல குழு வந்துவிட்டால் பாதிப் பேர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு மேடையடியில் நெருக்கியடித்து நிற்பார்களாம், நின்ற இடத்திலேயே குதிகாலால் தாளம் போடுவார்களாம். அந்தக் குழிவு அவர்கள் போட்டது. கிளம்பும்போது இன்னொன்றும் காட்டினீர்கள்: காபிப் பொடி டப்பாவிலிருந்து மெழுகுத் துகளை அள்ளி, நாற்றங்காலில் விதை தெளிப்பதுபோல வீசினீர்கள். தேய்த்துவிட மாட்டீர்களா என்றதற்கு, "அது ஆடுகிறவர்கள் வேலை" என்றீர்கள். நான் எழுதியதெல்லாம் அந்த அரை மணி நேரத்திலிருந்து முளைத்ததுதான்.

அதுவரை எனக்குத் தெரிந்தவை பெரிய கூடங்கள் மட்டுமே. சிகாகோவின் அரகானை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்திலிருந்து வந்த கார்சாஸ் சகோதரர்கள் 1926இல் திறந்த அந்தக் கூடத்தின் உள்ளே ஸ்பானிய அரண்மனை முற்றமே இருக்கிறது. செலவு அந்தக் காலத்திலேயே 20 லட்சம் டாலர். எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்த வளைவுகளிலும் தூண்களிலும்தான் மயங்குகிறார்கள், நானும் மயங்கினேன். அயோவாப் பெரியவர் திருத்திய பிறகுதான், அங்கேயும் தரையைப் பார்த்தேன். தக்கை, கம்பளிப்பட்டை, சுருள்வில் என்று அடுக்கி அதன்மேல் பலகை பரப்பியிருக்கிறார்கள். மணிக்கணக்கில் ஆடினாலும் முழங்கால் நோகாது. கால் நோகாதவன் மறு வாரமும் டிக்கெட் வாங்குவான் அல்லவா? அரகானின் இசையை டபிள்யூஜிஎன் வானொலி நாடெங்கும் கொண்டுபோனது. 'வால்ட்ஸ் மன்னன்' என்று பெயர்பெற்ற வெய்ன் கிங்கின் குழுவைப் பண்ணை வீடுகளில் கேட்டவர்கள், தங்கள் ஊர்க் கூடத்துக்கும் அதே இசை வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

கிளியர் லேக் ஊரின் சர்ஃப் நடனக்கூடத்தில் எங்களுக்குச் சுற்றிக்காட்டிய அம்மையாருக்கு நன்றி. எந்தத் திசையில் போனாலும் கடலுக்குப் பல நூறு மைல் இருக்கும் சோளக்காட்டு ஊரில், கடற்கரை விடுதி போல ஒரு கூடம். சுவரில் அலை, தென்னை இனத்து மரங்கள், பாய்மரப் படகுகள். கருநீலக் கூரையில் மேகங்கள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒரு சிறிய விளக்குக் கருவியின் வேலை அது. என் மனைவிக்காக விளக்குகளையெல்லாம் அணைத்துவிட்டு மேகங்களை மட்டும் ஓடவிட்டீர்கள். அவள் பத்து நிமிடம் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது செய்தி. 1933இல் திறந்த கூடம் 1947இல் எரிந்துபோக, மறு ஆண்டே தெருவின் எதிர்ப்பக்கத்தில் புதிதாகக் கட்டினார்கள். இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் 1959 பிப்ரவரி 2ஆம் தேதி ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலி, விமான விபத்தில் இறப்பதற்குமுன், கடைசியாகப் பாடிய மேடையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். 2021இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதிலும் அந்த இரவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் அதற்கு முன் கால் நூற்றாண்டு காலம் இது பெரும் இசைக்குழுக்களின் வீடு. நான் கேட்காமலே அந்தக் கதையை முதலில் சொன்னீர்கள்.

ஒரு சாக்ஸபோன் கலைஞருக்குத் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். 1946 டிசம்பரில் உட்டி ஹெர்மன் உள்ளிட்ட பெயர்பெற்ற தலைவர்கள் அடுத்தடுத்துக் குழுவைக் கலைத்தார்கள், அத்தோடு பிக் பேண்ட் எனப்படும் பெரும் இசைக்குழுக்களின் காலம் முடிந்தது என்று எழுதியிருந்தேன். புத்தகத்துக்குப் புத்தகம் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் ஓரத்தில் "அப்படியானால் 1955இல் நான் யாரோடு பஸ்ஸில் தூங்கினேன்?" என்று எழுதி அனுப்பினீர்கள். முடிந்தது நியூயார்க்கின் கணக்கில். ஒமாகா போன்ற ஊர்களை மையமாக வைத்து நான்கைந்து மாநிலங்களை மட்டும் சுற்றிவந்த வட்டாரக் குழுக்கள் அதன் பிறகும் பல ஆண்டுகள் ஓடின. இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுப் படுக்கை போட்ட பஸ். இன்று ஓர் ஊர், நாளை இருநூறு மைல் தள்ளி இன்னோர் ஊர். சனிக்கிழமை ஃபாக்ஸ்ட்ராட் என்ற ஜோடி நடனத்துக்கு வாசித்த அதே மேடையில் வாரநாளில் செக், ஜெர்மன் குடும்பங்களுக்காக போல்கா என்ற நாட்டுப்புற நடன இசை. விளம்பரத்தில் ஒன்றை 'நவீனம்' என்றும் மற்றதைப் 'பழைய பாணி' என்றும் போடுவார்கள். கூடத்தின் கடனை அடைத்தது போல்கா என்று நீங்கள் சொன்னதை ஒரு ஜாஸ் ரசிகரிடம் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அடுத்த நன்றியை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. வடக்கு ஒமாகாவில் என் மூன்றாம் கட்டுரையின் வரைவைப் பொறுமையாகக் கேட்ட ஐயா, முடிவில் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "இந்த 'எல்லோரும் ஆடினார்கள்' என்பதில் என் அப்பா இருக்கிறாரா?" இல்லை. சிகாகோவின் டிரையனான் நடனக்கூடம் கறுப்பின மக்களை உள்ளேயே விடவில்லை. டெட்ராயிட்டின் கிரேஸ்டோன் நடனக்கூடத்தில், மெக்கின்னிஸ் காட்டன் பிக்கர்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர்களின் குழு ஆண்டுக்கணக்கில் வெள்ளையருக்காக வாசித்தது. அந்தக் கலைஞர்களின் சொந்த மக்கள் அதே தரையில் ஆடத் திங்கட்கிழமை இரவு மட்டும். கிரேஸ்டோனை 1980இல் இடித்துவிட்டார்கள். நீங்கள் என்னை 24ஆவது தெருவுக்கு அழைத்துப்போய், 1923இல் கட்டிய ஜூவெல் கட்டடத்தைக் காட்டினீர்கள். டிரீம்லேண்ட் கூடம் அதன் மாடியில்தான் இருந்தது. கவுண்ட் பேசி, டியூக் எலிங்டன் போன்ற புகழ்பெற்ற ஜாஸ் குழுத் தலைவர்கள் வாசித்தது அங்கே. நேட் டவுல்ஸ் என்பவரின் குழு இந்த ஊரை வீடாகக் கொண்டது. கட்டுரையை முழுவதும் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். முந்தையதைவிட அது நீளம் குறைவு, நேர்மை அதிகம்.

எலிங்டன் என்றதும், நேரில் நன்றி சொல்ல முடியாத இருவர் நினைவுக்கு வருகிறார்கள். 1940 நவம்பர் 7ஆம் தேதி, வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ ஊரில் கிரிஸ்டல் நடனக்கூடத்துக்கு ஜாக் டவர்ஸ், டிக் பர்ரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் இசைத்தட்டில் நேரடியாக ஒலிப்பதியும் கருவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். விற்பதற்கு அல்ல, ஆசைக்கு. அனுமதி வாங்கி, மேடையருகே மைக்குகளை வைத்து, இரவு முழுவதும் தட்டு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அன்று அங்கே வாசித்தது எலிங்டன் குழு; ரே நான்ஸ் என்ற டிரம்பெட் கலைஞர் அதில் அப்போதுதான் புதிதாகச் சேர்ந்திருந்தார். ஜிம்மி பிளாண்டனின் பாஸ் என்ற தாழ்சுருதித் தந்தி வாத்தியம், பென் வெப்ஸ்டரின் சாக்ஸபோன், நடுவே கூட்டத்தின் பேச்சுச் சத்தம் எல்லாம் அதில் இருக்கின்றன. நாற்பது ஆண்டு கழித்து 1980இல் அதற்கு கிராமி விருது கிடைத்தது. கூடம் இன்று இல்லை. அந்த இரவு இருக்கிறது. எனக்குக் கிடைத்த பதிவு, ஃபார்கோ நண்பர் ஒருவர் அஞ்சலில் அனுப்பியது. உறையின்மேல் "மடக்காதீர்" என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தீர்கள், நன்றி.

எட்டு மாதமாக ஒரு புகைப்படத்தின் நகலை அனுப்பப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தொடர் வெளிவந்துகொண்டிருந்தபோது ஒரு சொல்லுக்காக என்னோடு மல்லுக்கு நின்ற வாசகர்களுக்கும் நன்றி. நான் முதலில் 'நடன அரங்கம்' என்று எழுதினேன். அரங்கம் என்றால் ஆடுபவர் ஒருவர், பார்ப்பவர் ஆயிரம் பேர் என்றுதானே பொருள்படுகிறது, வந்தவர்கள் எல்லோரும் ஆடும் இடத்தைக் கூடம் என்றால் என்ன என்று ஒருவர் எழுதினார். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு ஏற்றுக்கொண்டேன்.

கடைசியாக, மின்னசோட்டாவில் பிஸ்கட் டப்பாவைத் திறந்துவைத்த அம்மாவுக்கு. உங்கள் தாயார் மாலையில் மாடு கறந்துவிட்டு, கையில் பால்வாடை போக எலுமிச்சை தேய்த்துக்கொண்டு, அண்ணன்மாரோடு லாரியின் பின்புறம் ஏறி ஆடப்போனதை நீங்கள் சொன்னபோது உங்களுக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டதை மறந்தேன். டப்பாவில் கிட்டத்தட்ட முப்பது டிக்கெட் துண்டுகள் இருந்தன. போர்க்காலத்தவற்றில் நுழைவுக் கட்டணம் ஒரு வரி, மத்திய அரசின் வரி அடுத்த வரி, கூட்டுத்தொகை அதற்கும் கீழே என்று அச்சிட்டிருந்தது. பெட்ரோலுக்கும் டயருக்கும் ரேஷன், வாசிக்கிற பையன்கள் பட்டாளத்தில், 1942 ஆகஸ்டிலிருந்து ஒலிப்பதிவுக்கு எதிராக இசைக்கலைஞர் சங்கத்தின் வேலைநிறுத்தம், 1944இல் உணவும் பானமும் ஆட்டமும் சேர்ந்த இடங்களுக்கு 30 சதவீத வரி: இந்தக் கூடங்கள் ஏன் நலிந்தன என்பதற்கு நான் அடுக்கிய காரணங்கள் இவை. உங்கள் தாயார் ஒரு துண்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது வேறு: "ஆண்கள் போதவில்லை. ஆக்னஸோடு ஆடினேன்." என் நாலு பக்க விளக்கத்தை அந்த இரண்டு வரிக்குக் கீழே போட்டேன்.

படமெடுக்க வாங்கிய அந்தத் துண்டு இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லி நான்கு மாதம் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துத் திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். "மடக்காதீர்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
டி மொய்னிலிருந்து